கைதட்டுவதற்கு மட்டும்தானா ரசிகர்கள்?

(வலியசாலை நிருபர்)

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கேரளத்தில் ஒரு விசித்திரமான வேலைநிறுத்தம் நடந்தது. எந்தத் தொழிற்சங்கமும் அதை நடத்தவில்லை. சம்பள உயர்வோ போனஸோ யாரும் கேட்கவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர்கள், 'மஞ்ஞப்படை' என்ற பெயரில் 2014 முதல் ஒன்று சேர்ந்திருப்பவர்கள், "இனி நிர்வாகத்திடமிருந்து டிக்கெட் வாங்கி விற்றுக் கொடுக்க மாட்டோம், மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எங்கள் எதிர்ப்பைத் தெரிவிப்போம்" என்று அறிவித்தார்கள். சம்பளம் வாங்குகிறவன் வேலைநிறுத்தம் செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். கைக்காசு கொடுத்து, தொண்டை கிழியக் கத்தி, கொடியும் தைத்துக்கொண்டு போகிறவன் வேலைநிறுத்தம் செய்ததை அன்றுதான் பார்த்தோம்.

அந்த மாதம் 14-ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 3-2 என்று அணி தோற்றது. 16-ஆம் தேதி ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. பயிற்சியாளரைப் பலி கொடுத்தால் கூட்டம் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள் போலும். கூட்டம் அடங்கவில்லை. "குற்றம் பந்தை உதைக்கச் சொன்னவர் மேல் இல்லை, நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டுச் சரியான ஆளைப் பிடித்துக் கொடுக்காதவர்கள் மேல்தான்" என்பது ரசிகர்களின் வாதம். 2025 ஜனவரி 13-ஆம் தேதி கொச்சி கலூர் மைதானத்தில் ஒடிசாவை 3-2 என்று அணி ஜெயித்தது. அன்றும் மைதானத்தில் நிர்வாகத்துக்கு எதிரான கோஷம் கேட்டது. ஜெயித்த நாளிலும் எதிர்க்கிறார்கள் என்றால் விவகாரம் கோல் கணக்கில் இல்லை என்று நிர்வாகம் அப்போதாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கொச்சிக்காரர்களின் சண்டைக்கு வலியசாலையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கலாம். சாலைக் கம்போளத்தில் மாலை நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அரிசி மண்டியில் மூட்டை இறக்குகிற திருநெல்வேலிப் பையன் மஞ்சள் சட்டை போட்டிருப்பான். பாத்திரக் கடையில் கல்லாவில் இருக்கிற நாகர்கோவில்காரர் லுனாவின் கால் சரியாகிவிட்டதா என்று விசாரிப்பார். பொழியூரிலிருந்து எல்லை தாண்டி இரவிபுத்தன்துறை, தூத்தூர் வரையுள்ள கடற்கரை முழுவதும் கால்பந்து வெறி பிடித்த ஊர்கள். அங்கே பையன்கள் மணலில் ஆடுகிறபோது கேரளம் எது, தமிழ்நாடு எது என்று பந்து பார்ப்பதில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இதே ஐ.எஸ்.எல். போட்டியில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடியவர்தான். தமிழ்நாட்டுக்கு என்று சென்னையின் எஃப்.சி. இருக்கிறது. 2015-லும் 2017-18-லும் கோப்பையும் வாங்கியது. ஆனால் பிழைக்க வந்த ஊரின் அணிக்குக் கைதட்டுவது மனித சுபாவம். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நாம் பந்தியில் பரிமாறுவதில்லையா?

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் இந்தப் பையன்கள் படுகிற பாட்டை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். இங்கிருந்து எர்ணாகுளம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டம் மாலை ஏழரைக்கு. அதாவது அரை நாள் லீவு போட வேண்டும், கூலிக்காரன் என்றால் அரை நாள் கூலி போயிற்று. ஆட்டம் முடிந்து, மெட்ரோவில் அடித்துப் பிடித்து ஏறி, ஸ்டேஷனுக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பொதுப் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்று விடியற்காலையில் தம்பானூரில் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு இரண்டு நாள் சம்பளம் கரையும். இதை யாரும் கட்டாயப்படுத்திச் செய்யச் சொல்லவில்லை என்பது உண்மைதான். கோயிலுக்குப் போகச் சொல்லியும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதற்காக உண்டியல் கணக்கைக் கேட்கக் கூடாது என்று ஆகிவிடுமா?

அணி தொடங்கிய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2014-ல் ஐ.எஸ்.எல். போட்டி ஆரம்பமானபோது கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரும் பி.வி.பி. நிறுவனமும் சேர்ந்து இந்த அணியை எடுத்தார்கள். 'மாஸ்டர் பிளாஸ்டர்' என்ற சச்சினின் செல்லப் பெயரிலிருந்துதான் 'பிளாஸ்டர்ஸ்' வந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் கலூரில் ஆட்டத்துக்குச் சராசரி 50,000 பேரையொட்டிக் கூட்டம் வந்தது. இந்தியாவில் வேறெந்த ஊர் நிர்வாகியும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார். 2016-ல் ஆந்திர, தெலுங்கானா தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத், சினிமாக்காரர்கள் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, அல்லு அரவிந்த் ஆகியோர் பங்குதாரர்களாக வந்தார்கள். 2018 செப்டம்பரில் சச்சின் தமது 20 சதவீதப் பங்கை விற்றுவிட்டு விலகினார். பெயருக்குக் காரணமானவர் போய்விட்டார். பெயர் மட்டும் நிற்கிறது. ஒரு ரசிகனிடமாவது இதைப் பற்றிக் கேட்டார்களா? விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

இனி ஆட்டக் கணக்கு. 2014 முதல் 2025 வரை 11 போட்டித் தொடர்கள். மூன்று முறை இறுதி ஆட்டம். மூன்றிலும் தோல்வி. 2014-ல் மும்பையில் கடைசி நிமிஷங்களில் முகமது ரஃபீக் அடித்த கோலில் கொல்கத்தாவிடம் போயிற்று. 2016-ல் சொந்த மைதானத்தில் அதே கொல்கத்தாவிடம் பெனால்டியில் போயிற்று. 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவில் ஹைதராபாத்திடம் மறுபடியும் பெனால்டி. கே.பி. ராகுல் கோல் போட்டபோது சாலைத் தெருவில் வெடித்த பட்டாசுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருபது நிமிஷம் கழித்து எதிராளி சமன் செய்தபோது தெருவே மௌனமாகிவிட்டது. தோல்வி விளையாட்டில் சகஜம். அதற்காக யாரும் நிர்வாகத்தைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. 2015-ல் கடைசி இடம், 2020-21-ல் 11 அணிகளில் பத்தாவது இடம், இவற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் மறு வருஷமும் அதே பையன்கள் அதே ரயிலில் ஏறினார்கள்.

அவர்களுக்கு எரிச்சல் மூட்டியது வேறு. பத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் மூன்று வருஷம் நிலைத்து நின்றவர் செர்பியாவின் இவான் வுகோமானோவிச் ஒருவர்தான். வந்த முதல் வருஷமே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர், மூன்று வருஷமும் அடுத்த கட்ட ஆட்டத்துக்குத் தகுதி வாங்கிக் கொடுத்தவர். 2024 ஏப்ரலில் அவரும் போனார். 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரில் சுனில் சேத்ரி அடித்த அவசர ஃப்ரீகிக்கை ஏற்க மறுத்து அவர் அணியை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். நடுவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் ஆடி முடித்துவிட்டுத்தான் மனு கொடுக்க வேண்டும். அதற்கு அகில இந்தியச் சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்கு 10 ஆட்டத் தடையும் போட்டது. ஆனாலும் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கேலரிக்கு முன்னால் வந்து நின்று முகம் கொடுத்த மனிதர் அவர். நிர்வாகத்தில் அப்படி முகம் கொடுக்க ஆள் இல்லை.

ஆட்டக்காரர்களை விற்ற கதை அதைவிடப் பெரிது. சகல் அப்துல் சமது 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். அவருக்கு மாற்றாக வந்த பிரீதம் கோட்டால் ஒன்றரை வருஷத்தில், 2025 ஜனவரியில், சென்னைக்குப் போய்விட்டார். 2023-24-ல் போட்டியிலேயே அதிக கோல் போட்ட கிரேக்க நாட்டுக்காரர் டயமண்டகோஸ் 2024-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். சின்னப் பையனாக வந்து இங்கேயே வளர்ந்த ஜீக்ஸன் சிங்கும் அதே வருஷம் அதே கிளப்புக்கு. 2025 ஜனவரியில் திருச்சூர்ப் பையன் ராகுல் ஒடிசாவுக்கு. வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்கு எடுத்துப் போகிற குடும்பத்தை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் ரசிகர்கள் பார்த்தார்கள். நியாயத்துக்குச் சொல்வதானால், ஈஸ்ட் பெங்காலுக்குப் போன டயமண்டகோஸ் அங்கே இங்கு ஆடியதுபோல் ஆடவில்லை. எல்லா விற்பனையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. விற்ற பணம் எங்கே போயிற்று, அதற்குப் பதிலாக யாரை, ஏன் எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டாமா? 2024-25-ல் அணி எட்டாவது இடம்.

சொந்தக்காரர் பக்கத்து நியாயம்

கிளப்பின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் கால்பந்து அணி வைத்து லாபம் பார்த்தவர் அபூர்வம். வருஷா வருஷம் கைப்பணம் போடுகிறவர்கள்தான் எல்லோரும். போட்டியை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியப் போகிறது, புதுப்பிக்கவில்லை என்று சொல்லி அந்த வருஷம் ஜூலையில் போட்டித் தொடரையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அகில இந்தியச் சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு டெண்டர்கூட இல்லை! கடைசியில் மத்திய அரசு தலையிட்டு 2026 பிப்ரவரி 14-ஆம் தேதி சுருக்கமான ஒரு தொடரைத் தொடங்கி வைத்தது. இந்த லட்சணத்தில் நடக்கிற வியாபாரத்தில் பணம் போடுகிறவரைப் பார்த்து "இன்னும் போடு" என்று கத்துவது சுலபம்.

ஆனால் நஷ்டக் கணக்கைச் சொல்லி வாயை அடைப்பதற்கு முன்னால் நஷ்டக் கணக்கைக் காட்ட வேண்டும் அல்லவா? எங்கள் ஊர்ப் பக்கத்தில் அம்மன் கொடை முடிந்த மறு வாரம் வரி வசூல் இவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று நோட்டீஸ் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நூறு ரூபாய் வரி கொடுத்தவனும் அதைப் படித்து, "மைக் செட்டுக்கு இவ்வளவா?" என்று சண்டை போடுவான். கமிட்டிக்காரர் பதில் சொல்லுவார். பற்றாக்குறை என்றால் மறுபடி வசூலித்துக் கொடுத்தும் விடுவார்கள். கணக்குத் தெரிந்தவன் கோபப்படுவான், ஆனால் வரி கொடுக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டான்.

தனியார் கம்பெனி, தன் கணக்கை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனி தனியாருடையதுதான். ஆனால் சட்டையில் இருக்கிற 'கேரளா' என்ற பெயர் தனியாருடையதல்ல. ஆடுகிற கலூர் மைதானம் விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தமான பொது மைதானம். காவலுக்கு நிற்பது அரசாங்கப் போலீஸ். கூட்டமோ அவரவர் கைக்காசில் வருவது. இவ்வளவும் பொதுவாக இருக்கும்போது முடிவெடுக்கிற அறை மட்டும் தனியார் என்றால் ஒப்புக்கொள்வது சிரமம்.

இந்த மண்ணில் இதற்கு முன் கிளப்புகள் என்ன ஆயின என்பதும் ரசிகனின் பயத்துக்குக் காரணம். 1997-ல் எஃப்.சி. கொச்சின் தொடங்கினார்கள். அதே வருஷம் டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்கு முதல் முறையாகக் கொண்டுவந்தார்கள். என்ன ஆர்ப்பாட்டம்! 2002-ல் பணமில்லாமல் கடை மூடியாயிற்று. 2004-ல் விவா கேரளா வந்தது. 2011-ல் கொல்கத்தா கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று வாங்கிச் சிராக் யுனைடெட் என்று பெயர் மாற்றியது. மறு வருஷம் அதுவும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு பிணத்தைப் பார்த்த வீட்டில் மூன்றாவது பிள்ளைக்கு இருமல் வந்தால் தாய் பதறத்தானே செய்வாள்?

பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிற பெரியவர்கள் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் அணி என்றால் ஆபீஸ் அணி. திருவனந்தபுரத்தில் டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், கேரளப் போலீஸ், மின்சார வாரியம். ஜி.வி. ராஜா கோப்பை ஆட்டம் என்றால் ஊரே போகும். போலீஸ் அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வாங்கியது. அந்த அணிகளிலும் ரசிகனுக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் முந்திய நாள் பெனால்டியைக் கோட்டை விட்டவர் மறுநாள் காலையில் பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார். பாஸ் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "என்ன சார், கம்பம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா?" என்று கேட்கலாம். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரே 2017 ஏப்ரல் 1-ல் பெரிய பாங்கோடு கலந்துவிட்டது. அந்தக் கவுண்டரும் போயிற்று, அந்தக் கேள்வியும் போயிற்று.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இடையில் ஒன்று. கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி வாங்கியது 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில். தோற்கடித்தது எங்கள் ரயில்வே அணியைத்தான், 3-2. கேப்டன் மணி ஒருவரே மூன்று கோல். ஆனால் அந்தக் கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு ஆடவே இல்லை என்பதால் அதுவே இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலாக நிற்கிறது. கேரளக் கால்பந்துக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன். விஷயத்துக்கு வருவோம்.

வெளியூரில் எப்படி?

நிர்வாகத்தோடு ரசிகர்கள் மல்லுக்கு நிற்பது நமது ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் என்ற பிரபல கிளப்பை 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தார் 79 கோடி பவுன் கொடுத்து வாங்கினார்கள். வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும் பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். மாப்பிள்ளை வாங்கின கடனைப் பெண் வீட்டார் அடைக்கிற கதை! கொதித்துப்போன ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே வருஷம் தனியாக வேறொரு சின்னக் கிளப்பையே தொடங்கிவிட்டார்கள். 2021 மே 2-ஆம் தேதி ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து லிவர்பூலுடன் நடக்க இருந்த ஆட்டத்தையே நிறுத்தினார்கள். 2024-ல் கால் பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு ஜிம் ராட்கிளிஃப் என்ற கோடீஸ்வரர் வந்தார். விடிவு பிறந்தது என்று நினைத்தார்கள். அவர் முதலில் கை வைத்தது ஊழியர்கள் மேல். 2024-ல் சுமார் 250 பேரின் வேலை போயிற்று. மறு வருஷம் இன்னும் ஆட்குறைப்பு என்றார்கள். மீதி இருந்தவர்களுக்குக் கிளப் கேன்டீனில் கொடுத்து வந்த இலவச மதியச் சாப்பாடும் நின்றது. ஆட்டக்காரர்களுக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டுக் குமாஸ்தாவின் சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் பிடிக்கிற புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதே இங்கிலாந்தில் 2002-ல் விம்பிள்டன் கிளப்பைச் சொந்தக்காரர்கள் வேறு ஊருக்குத் தூக்கிப் போக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் உட்கார்ந்து அழவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பை ஆரம்பித்து, அடிமட்டப் போட்டியிலிருந்து ஏறி ஏறித் தேசிய லீகுக்கே வந்துவிட்டார்கள். 2025-ல் அந்த நாட்டுப் பார்லிமெண்ட் சட்டமே போட்டுவிட்டது. கிளப்புகளின் நிதி நிலையைக் கண்காணிக்கத் தனி அதிகாரி, சின்னத்தையும் நிறத்தையும் மாற்றுவதானால் ரசிகர்களைக் கலந்தாக வேண்டும். ஜெர்மனியில் இன்னும் ஒருபடி மேலே. அங்கே சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். பணக்காரர் பணம் போடலாம், சாவியை வாங்கிக்கொண்டு போக முடியாது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் என்று ஒதுக்க வேண்டாம். கொல்கத்தாவில் 1889-ல் பிறந்த மோகன் பகான், சந்தா கட்டிய உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற சங்கம். 2020-ல் அதன் கால்பந்து அணியை ஏ.டி.கே. என்ற புதுக் கம்பெனி அணியோடு சேர்த்து, பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தையும் ஒட்டினார்கள். நமது பிளாஸ்டர்ஸை இரண்டு இறுதி ஆட்டத்தில் தோற்கடித்த அணிதான் அது. மோகன் பகான் ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் அந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலத்திலேயே போராடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023-ல் கோப்பையை வாங்கிய கையோடு முதலாளி சஞ்சீவ் கோயங்கா அந்தப் பெயரை எடுத்துவிடுவதாக அறிவித்தார். ஜூன் 1 முதல் எடுத்தும் விட்டார். இந்தியாவில் ரசிகன் சொல்லி முதலாளி கேட்ட சம்பவம் உண்டா என்றால், உண்டு.

நமது திருவனந்தபுரத்துக்கு ஜெர்மனியிலிருந்துகூடப் பாடம் வர வேண்டியதில்லை. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய, நத்தை ஓடு மாதிரி சுழன்று சுழன்று ஏறுகிற இந்தியன் காபி ஹவுஸில் நாம் எல்லோரும் காபி குடித்திருக்கிறோம். அது யாருடையது? அங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்து வைக்கிறாரே, அவரும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்தினுடையது. காபி போர்டு கைவிட்ட தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் துணையோடு சங்கம் சேர்த்து 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையைத் திறந்தார்கள். காபி விற்கிற சங்கத்தை இவ்வளவு காலம் நடத்திக் காட்டிய நாட்டில், கால்பந்துக் கிளப்பில் ரசிகனுக்கு ஒரு சின்னப் பங்கு, நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி என்று கேட்டால் மட்டும் ஏன் ஆகாயத்தைக் கேட்டதுபோல் பார்க்கிறார்கள்?

எதிர்ப்பு வலுத்த பிறகு, 2025 ஜனவரியில், பிளாஸ்டர்ஸ் நிர்வாகம் 'ரசிகர் ஆலோசனைக் குழு' ஒன்றை அறிவித்தது. நல்ல ஆரம்பம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஆளைப் பொறுக்குவது நிர்வாகமே என்றால் அது என்ன ஆலோசனை? ஆபீஸ்களில் 'ஸ்டாப் கவுன்சில்' கூட்டத்துக்கு அதிகாரியே ஊழியர் பிரதிநிதியையும் நியமித்தால் யூனியன்காரர் சும்மா இருப்பாரா? ரசிகர்களே ஓட்டுப் போட்டு அனுப்புகிற ஆளாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவை அந்த ஆள் முன்னால் வைக்க வேண்டும். மைதானத்தையோ பெயரையோ நிறத்தையோ மாற்றுவதானால் அவர் சம்மதம் வேண்டும். எந்த ஆட்டக்காரரை எடுப்பது, யாரைப் பதினோரு பேரில் சேர்ப்பது என்பதில் மட்டும் அவர் தலையிடக் கூடாது. அதில் ரசிகனை விட்டால் பதினோரு பேரும் ஃபார்வர்டாகத்தான் இருப்பார்கள். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் கிளப்பைத் தொடவில்லை. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று இப்போதைக்குக் காத்திருக்க முடியாது.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகத்தை எதிர்ப்பது வேறு, தோற்ற அன்று இரவு செல்போனை எடுத்துக்கொண்டு ஆட்டக்காரனின் தாயையும் மனைவியையும் திட்டுவது வேறு. இருபது வயதுப் பையன் ஒருவன் பந்தைக் கை தவறவிட்டால் அவன் வீட்டுப் பெண்களுக்கு என்ன சம்பந்தம்? டிக்கெட் எடுக்காதே என்று சொல்லிவிட்டு, மறு வாரம் ஜெயித்ததும் பழையபடி வரிசையில் நிற்பதும் நிர்வாகத்துக்குத் தைரியம் கொடுக்கிற காரியம்தான். கொல்கத்தாக்காரர்கள் மூன்று வருஷம் பொறுத்தார்கள். நமக்கு மூன்று ஆட்டம் பொறுக்க முடிகிறதா? பையன்களோடு ரயிலில் பேசிப் பார்த்தால் பாதிப் பேர் கோபமாக இருக்கிறார்கள், மீதிப் பேருக்கு அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தால் போதும்.

2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது திருவனந்தபுரத்துக்கும் 'கொம்பன்ஸ்' என்று ஓர் அணி கிடைத்தது. சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் பிரேசில்காரர்கள் ஆடியதைப் பார்க்க இங்கிருந்து நடந்தே போனவர்கள் உண்டு. எர்ணாகுளம் ரயிலும் வேண்டாம், அரை நாள் லீவும் வேண்டாம். கொம்பன்ஸ் சொந்தக்காரர்களும் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது. கூட்டம் 50,000 ஆன பிறகு நாற்காலி கேட்டு வந்தால் அது சண்டையாக இருக்கும். இரண்டாயிரம் பேர் இருக்கும்போதே கொடுத்தால் அது மரியாதை.

பிளாஸ்டர்ஸ் நிர்வாகத்திடம் இப்போதைக்குக் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தொடருக்கு டிக்கெட் விற்பனை ஆரம்பிப்பதற்கு முன்னால், ரசிகர் ஆலோசனைக் குழு எத்தனை முறை கூடியது, என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு தாளில் எழுதி மைதானத்து வாசலில் ஒட்டட்டும். மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை. சாலைக் கம்போளத்தில் நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வோம்.